மைக் உண்டு, ஓட்டு இல்லை!

'விவாகரத்து வழக்கில் குழந்தையின் பேச்சு எடுபடுமா?' என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். 'எடுபடும், ஆனால் அது மட்டுமே எடுபடாது' என்று ஒரே வரியில் பதில் போட்டோம். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மூட்டை. ஆகவே இந்த இதழ் முழுக்க அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. எல்லாம் வீட்டு விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டோம். ஊர் மட்டும் உண்டு.

வாசகர், திருப்பூர்: பன்னிரண்டு வயது முடிந்தால் யாரோடு இருப்பது என்று பிள்ளையே முடிவு செய்யலாம் என்கிறார் என் நண்பர். ஒன்பது வயதே போதும் என்கிறார் மச்சான். பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் தோற்றார்கள். பந்தயப் பணத்தை எனக்கு அனுப்பலாம். சட்டத்தில் வயதே போடவில்லை. 1890-ல் வெள்ளைக்காரன் போட்ட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. யோசித்துத் தன் விருப்பத்தைச் சொல்லும் பக்குவம் பிள்ளைக்கு இருந்தால் கோர்ட் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. 'எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் இருக்கிறது, 'எடுத்தே ஆக வேண்டும்' என்று இல்லை. 1955-ன் இந்து திருமணச் சட்டம், 26-வது பிரிவில், இன்னும் கொஞ்சம் தாராளம்: முடிந்த இடத்திலெல்லாம் பிள்ளைகளின் விருப்பத்துக்கு இசைவாக உத்தரவு போடச் சொல்கிறது.

நடைமுறையில், ஒன்பது பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் பேச்சுக்குக் கனம் கூடும். உங்கள் மச்சான் காதில் அரைகுறையாக விழுந்தது அதுதான். முழு முடிவும் பிள்ளை கைக்கு வருவது 18 வயது முடியும் அன்றைக்கு. அன்றோடு கஸ்டடி என்ற பேச்சும் முடிந்துவிடும்.

வாசகி, தஞ்சாவூர்: அப்படியென்றால் பிள்ளைக்கு ஓட்டுரிமை கிடையாதா?

மைக் உண்டு, ஓட்டு இல்லை. பெரியவர்களின் நிலைமை நேர்மாறு: ஓட்டு உண்டு, மைக் இல்லை.

வாசகர், விருதுநகர்: எங்கள் காலத்தில் பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள்? இப்போது கோர்ட்டே கேட்கிறது என்கிறீர்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

ராத்திரி சண்டை எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்த அலமாரிக் கதவு முதலில் அறையப்படும், யார் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்... இதெல்லாம் அதற்குத்தான் தெரியும். நீதிபதிக்குத் தெரியாது, உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 1989-ல் ஐ.நா. சபை குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவில் எழுதியது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியது. 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. உங்கள் காலத்தில் கேட்கவில்லை என்பது உண்மை. அதை நினைத்து இன்றைக்கும் உங்களுக்கு ஒரு வருத்தம் இருப்பது, கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிகிறது.

வாசகி, சேலம்: ஐந்து வயது வரை குழந்தை அம்மாவுக்குத்தான் என்று சட்டமே இருக்கிறதாமே?

இருக்கிறது. 'சாதாரணமாக' என்ற சொல்லோடு இருக்கிறது. 1956-ன் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 6-வது பிரிவு. அந்த வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுக்க வேண்டுமானால், தாயிடம் விடுவது ஏன் சரியில்லை என்பதைக் கேட்கிறவர்தான் காட்ட வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அதே 6-வது பிரிவு முதல் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் 'பின்' அம்மா என்றும் எழுதியிருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போனபோது, அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருந்தாலும் பொறுப்பில் இல்லாதபோது அம்மாவே பாதுகாவலர்தான் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு? 13-வது பிரிவு: பிள்ளையின் நலனே தலையாயது. அப்பாவின் உரிமையும் அம்மாவின் உரிமையும் அதற்கு அப்புறம்தான்.

வாசகர், நாகர்கோவில்: குழந்தையைக் கூண்டில் ஏற்றி, இரண்டு வக்கீலும் குறுக்கு விசாரணை செய்வார்களா? நினைத்தாலே பதறுகிறது.

பதற வேண்டாம். கூண்டு, கறுப்பு கவுன், 'ஆம் இல்லை என்று மட்டும் சொல்' எல்லாம் சினிமா. பொதுவாக நடப்பது இதுதான்: நீதிபதி தன் சேம்பருக்குப் பிள்ளையைத் தனியாக அழைப்பார். அப்பா, அம்மா, இரு தரப்பு வக்கீல் எல்லாரும் வெளியே வராந்தாவில். உள்ளே முதல் கேள்வி பெரும்பாலும் 'எந்த கிளாஸ் படிக்கிறே?' 'கிளாஸில் யார் உன் ஃபிரெண்ட்?' 'காலையில் யார் எழுப்பிவிடுவாங்க?' 'ஜுரம் வந்தா யார் பக்கத்தில் படுப்பாங்க?' என்று பேச்சு நகரும். 'உனக்கு அப்பா வேணுமா அம்மா வேணுமா?' என்று கெட்டிக்கார நீதிபதி கேட்கவே மாட்டார். காலையில் எழுப்புவது யார் என்று தெரிந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சில், நூறு பக்கப் பிரமாண வாக்குமூலத்தில் இல்லாதது கிடைத்துவிடுவதும் உண்டு.

வாசகி, ஈரோடு: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தால் நீதிபதியால் கண்டுபிடிக்க முடியுமா?

ஆறு வயதுப் பையன் 'எங்கப்பா எங்களுக்கு இடைக்கால ஜீவனாம்சம் தரலை' என்று சொன்னால், கண்டுபிடிக்க நீதிபதி வேண்டாம்; வாசலில் நிற்கும் டவாலியே போதும். சொல்லிக்கொடுத்த பேச்சுக்கு அடையாளங்கள் உண்டு. வயதுக்கு மீறிய சொற்கள். எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே வரி, அதே வரிசை. 'அப்பா கெட்டவர்' என்று வரும். என்ன செய்தார் என்று கேட்டால் பிள்ளை கதவைப் பார்க்கும். உண்மையாகவே பட்ட பிள்ளை தீர்ப்புச் சொல்லாது, நடந்ததைச் சொல்லும். 'அன்னிக்கு என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வீசினாங்க, காம்பஸ் வளைஞ்சுபோச்சு' என்று சொல்லும். அந்த வளைந்த காம்பஸை எந்தப் பெரியவராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

வாசகர், புதுக்கோட்டை: மரியாதை ராமன் கதையில் ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டார்களே. அவன் மாதிரி நீதிபதி இன்று உண்டா?

நல்லவேளை, இல்லை. அவன் அம்மாக்களைச் சோதித்தான். பிள்ளை வாய் திறக்காத கைக்குழந்தை. இன்றைய வழக்குகளில் பிள்ளை பேசும் வயதில் இருக்கிறது, இரண்டு பேருமே உண்மையான பெற்றோர், இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மரியாதை ராமனே வந்தாலும் வாய்தாதான் போடுவான்.

வாசகி, மதுரை: 'தெய்வத்திருமகள்' படத்தில் கோர்ட்டிலேயே அப்பாவும் மகளும் சைகையில் பேசிக்கொள்வார்கள். நானும் என் மகனும் அப்படித்தான். இது நீதிபதியின் மனதைத் தொடுமா?

தொடும். அவரும் மனிதர்தானே? ஆனால் அந்த 2011 படத்தின் முடிவையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பாசம் ஒரு பக்கம் நிறைய இருந்தும், மகளின் எதிர்காலத்தை யோசித்து அப்பாவே அவளை விட்டுவிட்டுப் போவார். கோர்ட்டும் இந்த இரண்டையும்தான் தராசில் வைக்கிறது. பாசம் இருக்கிறது என்பதை நிரூபிப்பது சுலபம். நாளைக்குப் பள்ளிக்கூடம், மருத்துவம், சாயங்காலம் வீட்டில் ஓர் ஆள் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

வாசகர், கோயம்புத்தூர்: மகனுக்கு ஐபோன் வாங்கிக் கொடுத்தேன். 'அப்பாவோடதான் இருப்பேன்' என்கிறான். என் பக்கம் கேஸ் பலமா?

ஐபோன் பக்கம் பலம். அடுத்த மாடல் வரும்போது வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும்.

வாசகி, வேலூர்: மூத்தவனை அவரும் இளையவளை நானும் வைத்துக்கொள்வதாகப் பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். நியாயமான பங்கீடுதானே?

பாகப்பிரிவினை மனைக்கும் தோப்புக்கும். பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் அல்ல, விளையாட்டுச் சாமானும் அல்ல என்ற கருத்தைச் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவும் அம்மாவும் பிரிகிறபோது அண்ணனுக்கு மிச்சம் இருப்பது தங்கை, தங்கைக்கு மிச்சம் இருப்பது அண்ணன். அதையும் பிரிக்கவா? பேசி முடித்த பெரியவர்கள் அந்த இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கச் சொல்லுங்கள்.

மாணவன், சென்னை: எனக்கு 14 வயது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பாவோடு இருக்க வேண்டும் என்று கோர்ட் ஆர்டர். எனக்கு அப்பாவைப் பிடிக்கும். ஆனால் ஞாயிறுதான் கிரிக்கெட் மேட்ச். போகவில்லை என்றால் அப்பா 'அம்மா தடுக்கிறாள்' என்கிறார். போனால் டீமில் என்னை எடுப்பதில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, அங்கிள்.

தம்பி, இந்த மூட்டையில் வந்த மிக நேர்மையான கடிதம் உன்னுடையது. ஆர்டர் போட்டபோது உனக்கு என்ன வயது? ஏழா, எட்டா? அன்றைக்கு ஞாயிறு என்றால் பீச், பஞ்சுமிட்டாய். இன்றைக்கு உனக்கென்று ஒரு வாழ்க்கை வந்துவிட்டது. ஆர்டர் மட்டும் வளரவில்லை. நல்ல செய்தி: இந்த ஆர்டர்களைக் கல்லில் வெட்டவில்லை. நிலைமை மாறினால் நேரத்தையும் இடத்தையும் மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவிடம் நீயே சொல். அம்மா மூலமாகச் சொல்லாதே. வக்கீல் மூலமாகவும் வேண்டாம். 'மேட்சுக்கு வாங்கப்பா, முடிஞ்சதும் சேர்ந்து சாப்பிடப் போலாம்' என்று கூப்பிடு. பவுண்டரி ஓரம் உட்கார்ந்து மகன் பேட்டிங்கைப் பார்ப்பதும் சந்திப்புதான் என்று உன் அப்பாவுக்குப் புரியும். புரியாவிட்டால், ஃபேமிலி கோர்ட் கவுன்சலரிடம் இதே கடிதத்தைக் கொடு. வார்த்தை மாற்றாதே. நன்றாக எழுதியிருக்கிறாய்.

வாசகர், திருநெல்வேலி: என் தம்பி சென்னையில் சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்துக் குழந்தைகள் மையத்தில் மகளைப் பார்க்கிறான். இரண்டு மணி நேரம். குழந்தை பக்கத்திலேயே வருவதில்லை. மனம் வெறுத்துவிட்டான். விட்டுவிடலாமா?

அந்த மையத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். நோட்டில் கையெழுத்து, நேரம். சுவரில் மிக்கி மவுஸ். மூலையில் ஒரு சக்கரம் இல்லாத பிளாஸ்டிக் கார். பக்கத்து மேஜையில் இன்னொரு அப்பா, இன்னொரு பிள்ளை. கதவுக்கு வெளியே அம்மாவும் பாட்டியும். அப்பா பையைத் திறந்து ஒரு ஃபிராக்கை எடுக்கிறார். போன வருஷ அளவு. பிள்ளை வளர்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. இந்த இடத்தில் ஓடிவந்து கட்டிக்கொள்ளச் சொன்னால் எந்தக் குழந்தைதான் கட்டிக்கொள்ளும்?

தம்பியிடம் சொல்லுங்கள்: 'அப்பாகிட்ட வா' என்று கூப்பிட வேண்டாம். தரையில் உட்கார்ந்து அவன் பாட்டுக்குப் படம் வரையட்டும், காகிதத்தில் கப்பல் செய்யட்டும். பரிசு வேண்டாம். அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். போனில் வீடியோ எடுக்கவே வேண்டாம். குழந்தைக்கு அது சாட்சியம் திரட்டுவதாகத்தான் தெரியும். சனிக்கிழமை மட்டும் தவறக்கூடாது. இவர் வருவார் என்ற நம்பிக்கைதான் குழந்தையிடம் முதலில் வர வேண்டியது. பாசம் அதன் பின்னால் வரும். கொஞ்சம் பழகியபின் பார்க்கில் சந்திக்க அனுமதி கேட்டு மனுப் போடலாம். விட்டுவிடச் சொல்லாதீர்கள். 'அப்பா ஏன் வரதை நிறுத்தினாரு?' என்று அந்தப் பெண் இருபது வயதில் கேட்பாள். அன்றைக்கு இவனிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

வாசகி, திண்டுக்கல்: நான் தடுக்கவில்லை. குழந்தைதான் அப்பாவிடம் போகமாட்டேன் என்கிறது. ஆனால் அவமதிப்பு வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். என்ன செய்ய?

முதலில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தால் 'சரி, உன் இஷ்டம்' என்று விட்டுவிடுகிறீர்களா? இல்லையே. சமாதானம் சொல்லி, டிபன் கட்டி, வேனில் ஏற்றுகிறீர்கள். அப்பாவைப் பார்க்கப் போகும் விஷயத்தில் மட்டும் குழந்தையின் விருப்பம் திடீரென்று புனிதமாகிவிட்டால், கோர்ட் புருவத்தை உயர்த்தும்.

இரண்டாவது கேள்வி: அந்த மறுப்புக்குப் பின்னால் பயம் இருக்கிறதா? அடி, குடி, தகாத தொடுதல் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் நீங்களாகவே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். உடனே கோர்ட்டுக்குப் போய் உத்தரவை மாற்றக் கேளுங்கள். மேற்பார்வையில்தான் சந்திப்பு என்று கேட்கலாம், அவசரமென்றால் நிறுத்தவும் கேட்கலாம். குழந்தைக்கு உடனடி உதவிக்கு 1098.

பிள்ளையை ஒரு பக்கம் திருப்பிவிடுவது பற்றி 2017-ல் ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. அந்தச் சிறுமி அப்பாவிடமே வளர்ந்தவள். அவரோடு சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனாலும் அம்மாவின் பாசத்தையும் அவள் அறியட்டும் என்று அம்மாவிடம் அனுப்பியது. 2024-ல் ஒரு ராணுவ அதிகாரியின் வழக்கில் அதே நீதிமன்றம் எச்சரிக்கையும் செய்தது: எடுத்த எடுப்பில் 'பிள்ளை மனதைக் கெடுத்துவிட்டார்' என்று ஒருவர்மேல் முத்திரை குத்தாதீர்கள், ஆதாரம் பாருங்கள் என்று. அந்தப் பிள்ளைகள் இருவரும் அப்பாவோடு இருக்கவே விரும்பினார்கள், அப்படியே விட்டது. ஒரு வழக்கில் பிள்ளையின் விருப்பத்துக்கு எதிராக, இன்னொன்றில் விருப்பப்படி. இரண்டிலும் பேசியது பிள்ளை, முடிவெடுத்தது கோர்ட்.

வாசகி, கடலூர்: ஜீவனாம்சம் ஆறு மாதமாக வரவில்லை. பணம் வைத்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

கோபம் சரி, காரியம் சரியில்லை. பணம் ஒரு கணக்கு, சந்திப்பு ஒரு கணக்கு. பாக்கியை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. நிறைவேற்று மனுப் போடுங்கள், சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கப் பிள்ளை பொருட்காட்சியா? அந்தப் பக்கத்து ஆசாமிக்கும் ஒரு வார்த்தை: 'பார்க்க விடவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்' என்பதும் இதே தப்பு. அவர் பட்டினி போடுவது மனைவியை அல்ல.

வாசகர், காஞ்சிபுரம்: பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் கணவருக்கு டீ, டிபன் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டே சொன்னதாமே? உண்மையா, வாட்ஸ்அப்பா?

உண்மை, ஆனால் பழைய செய்தி. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, வருகிறவரை விருந்தினராக நினைத்து உபசரிக்கச் சொன்னார். பிள்ளையின் முன்னால் பெற்றோர் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அந்த உபசாரப் பகுதியை ரத்துசெய்தது. ஆகவே டீ கட்டாயமில்லை. கதவைத் திறக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் பிள்ளைக்கு அதுவே விருந்து.

வாசகர், துபாய்: நான் இங்கே, மகள் திருச்சியில். வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. சந்திப்பு உரிமை எனக்கு ஏட்டுச் சுரைக்காய்தானா?

கையில் போன் இருக்கிறதே! கஸ்டடி கிடைக்காத பெற்றோருக்குப் பிள்ளையோடு தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோ கால் அதில் அடக்கம். ஒரே ஒரு யோசனை: தினமும் 'சாப்டியா, படிச்சியா' என்று ஹாஸ்டல் வார்டன் மாதிரி கேட்காதீர்கள். மகளுக்குப் பிடித்த கதைப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை அங்கே வாங்கிவைத்து, நாளுக்கு ஒரு பக்கம் வாசியுங்கள். மறுநாள் போனை அவளே எடுப்பாள்.

ஒரு தாத்தா, கும்பகோணம்: மகள் போய்விட்டாள். பேரன் எங்களிடம் வளர்கிறான். மருமகன் இப்போது 'அப்பா நான்தான்' என்று கேட்கிறார். எங்களுக்கு உரிமை உண்டா? பேரன் பேச்சுக்கு மதிப்பு உண்டா?

பெரியவரே, 2008-ல் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. தாய் இறந்துவிட்டாள், அது தொடர்பாகத் தந்தைமேல் குற்ற வழக்கு, சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம். அப்பாதானே இயற்கையான பாதுகாவலர் என்று கீழ்க்கோர்ட்டுகள் அவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பையனின் விருப்பத்தைக் கேட்டறியாததைக் குறையாகச் சொன்னது. நீதிபதிகளே அவனிடம் பேசினார்கள். அவன் தாத்தா பாட்டியிடமே இருந்தான். உங்கள் மருமகன்மேல் அப்படி வழக்கு எதுவும் இல்லையென்றால் நிலைமை வேறு. அப்பாவுக்கு வலுவான உரிமை உண்டு. எது எப்படியானாலும் பேரன் காதில் 'உங்கப்பன்' என்ற சொல் அந்தத் தொனியில் விழ வேண்டாம்.

வாசகி, தாம்பரம்: கவுன்சலரிடம் குழந்தை சொன்னது ரகசியம்தானே? வெளியே போகாதே?

நீதிபதியிடம் போகலாம். சமரசப் பேச்சு ரகசியமானது என்பது பொது விதி. ஆனால் கஸ்டடி வழக்கில் பிள்ளையைப் பற்றிய கவுன்சலர் அறிக்கையைக் கோர்ட் பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிள்ளையின் மனதை அறிய வேறு நல்ல வழி இல்லையே. ஆகவே குழந்தையிடம் 'இது நமக்குள்ள ரகசியம்' என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். 'நீ சொல்றது ஜட்ஜ் அங்கிளுக்கு உதவும்' என்பதே நாணயமான பேச்சு.

வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்: இங்கே பிள்ளை சொன்னால் சொன்னதுதான் என்கிறார்கள் நம்மவர்கள். அப்படியா?

அங்கேயும் டீக்கடை உண்டு போலிருக்கிறது. இங்கிலாந்தின் 1989 சிறுவர் சட்டத்தில் நீதிபதி பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் வரி, வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப பிள்ளையின் விருப்பமும் உணர்வும். முதலில் எழுதியிருப்பதால் அதுவே ராஜா என்று அர்த்தமில்லை. பட்டியலில் மற்றவையும் உண்டு. அதைக் கேட்டறிந்து எழுத கஃப்காஸ் என்ற அமைப்பின் அலுவலர்கள் இருக்கிறார்கள். 16 வயதுக்கு மேல் இப்படிப்பட்ட உத்தரவு போடுவதே அபூர்வம். ஜெர்மனியில் நீதிபதி பிள்ளையை நேரில் கேட்பது பொதுவாகக் கட்டாயம். 14 வயதானால் தீர்ப்பை எதிர்த்து அதுவே மேல்முறையீடும் செய்யலாம். நம் சட்டத்தில் 'கேட்கலாம்' என்று இருப்பதை 'கேட்டே ஆக வேண்டும்' என்று ஆக்கினால் நமக்கும் குறைந்துபோகாது.

வாசகர், கரூர்: தீர்ப்பு வந்துவிட்டது. இனி அவ்வளவுதானா?

கஸ்டடியில் கடைசித் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. 2020-ல் ஒரு பையனை கென்யாவில் இருந்த அப்பாவிடம் அனுப்பிய உச்ச நீதிமன்றம், கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றவில்லை என்று 2021-ல் தன் உத்தரவையே திரும்பப் பெற்றது. 2024-ல் வேறொரு பையனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. உத்தரவைக் கேட்டதிலிருந்து பிள்ளைக்கு ஒரே பதற்றம். மனநல அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, 2025 ஜூலையில் மறுசீராய்வில் அதை மாற்றி அம்மாவிடமே விட்டது. நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டே பிள்ளைக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறது. கரூரில் உள்ளவர்களும் மாற்றிக்கொள்ளலாம்.

வாசகி, பாண்டிச்சேரி: இருவருக்கும் சமமாகப் பகிர்ந்து வளர்க்கும் முறை நம் ஊரில் வருமா?

சட்ட ஆணையம் 2015-லேயே, தன் 257-வது அறிக்கையில், கூட்டுக் கஸ்டடிக்கு வழி செய்யச் சொன்னது. அறிக்கை பத்திரமாக இருக்கிறது. சில கோர்ட்டுகள் தாங்களாகவே அப்படி உத்தரவு போடுகின்றன. இரண்டு வீடும் பக்கத்தில், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்றால் நன்றாகவே நடக்கும். இல்லையென்றால் பிள்ளை ஸ்கூல் பையோடு பஸ் ஸ்டாண்டில் வளரும்.

தம்பதி, சென்னை: சண்டை இல்லாமல் பிரியப்போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது. 'நீ யாரோட இருக்கே?' என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அதுதானே ஜனநாயகம்?

இல்லை, அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அந்தக் கேள்விக்கு அவள் எந்தப் பதிலைச் சொன்னாலும் இன்னொருவரைத் தள்ளிவிட்டதாக ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள். முடிவை நீங்கள் எடுங்கள். எடுப்பதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டியவை வேறு: ஸ்கூலை மாற்றினால் பரவாயில்லையா? பாட்டுக் கிளாஸ் எந்த வீட்டிலிருந்து போவது வசதி? தீபாவளிக்கு எங்கே, பொங்கலுக்கு எங்கே? ராத்திரி பயமாக இருந்தால் யாருக்குப் போன் பண்ணணும்? அவள் சொல்லும் பதில்களை ஒரு தாளில் எழுதி, உங்கள் வக்கீல்களிடம் கொடுத்து, ஒப்பந்தத்தில் அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து நீங்கள் இரண்டு பேர் மட்டும் போடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிள்ளையிடம் எல்லாவற்றையும் கேளுங்கள், 'அப்பாவா அம்மாவா' என்பதைத் தவிர.